செருகினால் விழிக்கும் கிட்டார்

ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி. ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் கச்சேரிகள், மற்ற நாளில் கல்யாண வரவேற்புகள். அவர் கிட்டாரின் அடித்தந்தியை அழுத்தி மீட்டினால் ஒலி கிழிந்து கேட்டிருக்கிறது. ஸ்பீக்கர் பாக்ஸில் கோன் போய்விட்டது என்றிருக்கிறார் சவுண்டு சர்வீஸ்காரர். கோன் மாற்றினார்கள்; அப்படியேதான் இருந்தது. தந்தி மாற்றினார். சர்வீஸ்காரரின் ஒயர்மேல் சந்தேகம் வந்து, சொந்தமாக நல்ல ஒயர் ஒன்று வாங்கினார். அதற்கும் மசியவில்லை. கடைசியில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் கிட்டாரைக் கவிழ்த்து, முதுகிலிருந்த மூடியின் திருகாணிகளைக் கழற்றி, உள்ளேயிருந்த 9 வோல்ட் சதுர பேட்டரியை மாற்றிக் கொடுத்திருக்கிறார். புது கிட்டார் மாதிரி ஆகிவிட்டதாம்.

கைமாறி வந்த கிட்டார். அதனுள் பேட்டரி இருப்பதே அதுவரை இவருக்குத் தெரியாது. கடிதத்தில் இரண்டு கேள்விகள். அடிக்கடி பேட்டரி மாற்றினால் ஒலி இன்னும் நன்றாக வருமா? அந்தப் புது பேட்டரி மூன்றே வாரத்தில் உயிரை விட்டுவிட்டதே, அது ஏன்?

இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. அதற்கு முதல் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று நான் விளக்கப்போவதில்லை. இளையராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்ததையும், ரஹ்மானுக்குக் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் பெயர் தெரியாமலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாட்டின் அடியில் நடந்து போகிறதே, அது. ஆனால் அதில் இரண்டு ஜாதி உண்டு. பேட்டரி இல்லாமல் பாடுவது ஒன்று, இருந்தால்தான் பாடுவது இன்னொன்று. முன்னதைப் பாசிவ் என்றும் பின்னதை ஆக்டிவ் என்றும் சொல்வார்கள்.

ரிஷிவந்தியம் என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர். பள்ளிக்கூட நாட்களில் தியாகதுருகத்திலிருந்து சைக்கிளில் போவேன். பொழுது சாய்ந்துவிட்டால் டைனமோவை டயர்மேல் சாய்த்துவிட வேண்டும். மிதிக்க மிதிக்க விளக்கு எரியும், நின்றால் அணையும். பாசிவ் கிட்டாரில் பிக்-அப் என்று சொல்வது கிட்டத்தட்ட அந்த டைனமோதான். காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிர்கிறது; காந்தப்புலம் கலைகிறது; கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. மிதிப்பது காலுக்குப் பதில் விரல், அவ்வளவுதான். 1951இல் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் இந்த வகை. இன்றும் விற்கிறது. கிட்டார் வாசிக்கத் தெரியாத மனிதர் அவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

டைனமோ வெளிச்சம் மாதிரியே இந்த மின்சாரமும் நோஞ்சான். முப்பது அடி ஒயரில் ஆம்ப் எனும் ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் போவதற்குள் ஒலியின் மேல்பகுதி, அதாவது விரல் தந்தியைச் சுண்டும் அந்தத் தெளிவு, வழியிலேயே கசிந்துவிடும். ஏரியில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருகிற கதை. பாசிவ் கிட்டாரின் தொனித் திருகுக்கும் குறைக்க மட்டுமே தெரியும். குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டுச் சரிசெய்யத் தெரிந்து, உப்பு போடவே தெரியாத சமையல்காரர் அது.

இதற்கு மாற்றாகத்தான் கிட்டாருக்குள்ளேயே ஒரு சிறு ஆம்பை வைத்தார்கள். பிரீ-ஆம்ப் என்று பெயர். பிக்-அப்பிலிருந்து வரும் நோஞ்சான் மின்சாரத்துக்கு மடைவாயிலேயே பலம் ஏற்றி அனுப்பிவிடும். அடியொலியைக் கூட்டலாம், மேலொலியைக் கூட்டலாம். உப்பு போடத் தெரிந்த ஆள். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அலெம்பிக் நிறுவனத்தார் இதைக் கைவேலையாகச் செய்து, காசு உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். 1976இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே வந்த பிறகு தொழிற்சாலைச் சரக்கானது. அந்த நிறுவனத்திலும் அதே லியோ ஃபெண்டர்தான் இருந்தார். இந்தச் சின்ன ஆம்புக்குச் சோறு போடுவதுதான் 9 வோல்ட் பேட்டரி.

சில கிட்டார்களில் இரண்டு குணமும் சேர்ந்திருக்கும். ஒரு சுவிட்சைத் தள்ளினால் ஆக்டிவ், திருப்பித் தள்ளினால் பாசிவ். பாதி இது, பாதி அது. அர்த்தநாரீஸ்வரர் கோயில் உள்ள ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கச்சேரி நடுவில் பேட்டரி படுத்துவிட்டால் சுவிட்சைத் தள்ளிவிட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சுவிட்ச் இல்லாத முழு ஆக்டிவ் என்றால் ஊமைதான்.

சரி, பேட்டரி இளைத்தால் ஒலி ஏன் குறையாமல் கிழிகிறது? டார்ச் லைட் போல மெதுவாக மங்கித்தானே போக வேண்டும்?

கச்சிராயபாளையத்துக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் கரும்பு லோடு போகும் பருவத்தில் எங்கள் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். டிராக்டரில் கரும்பை வானம் தொட அடுக்கியிருப்பார்கள். குறுக்கே தாழத் தொங்கும் ஒரு கம்பி. லோடு அதைவிடத் தாழ்வாக இருந்தால் ஒன்றுமில்லை, வண்டி போய்விடும். உயரம் கொஞ்சம் மிஞ்சினால் மேல்வரிசைக் கரும்பு மட்டும் சீவப்பட்டுச் சாலையில் விழும். நாங்கள் பின்னாலேயே ஓடி அதைப் பொறுக்கியவர்கள்.

பிரீ-ஆம்புக்குள் ஒலியலை மேலும் கீழும் ஆடுகிறது. எவ்வளவு உயரம் ஆடலாம் என்பதற்கு வரம்பு பேட்டரியின் வோல்ட். 9 வோல்ட் இருந்தால் கம்பி உயரத்தில் இருக்கிறது. 7 வோல்ட்டுக்கு இறங்கினால் கம்பியும் தொங்கிவிட்டது. மெதுவாக வாசித்தால் அலை அடியிலேயே ஆடிவிட்டுப் போகும், குறை தெரியாது. அதனால்தான் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும். மேடையில் ஆவேசமாக அடித்தந்தியைச் சுண்டும்போது, விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும் அந்தப் பெரிய அலை கம்பியில் மோதித் தலை சீவப்படுகிறது. சீவப்பட்ட அலையைத்தான் காது கரகரப்பாக, கிழிந்த துணியாகக் கேட்கிறது. கோனும் கிழிந்தால் அப்படித்தான் கேட்கும். சர்வீஸ்காரரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: வராது. புது பேட்டரி ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை. தொங்கிப்போன கம்பியைப் பழைய உயரத்துக்குத் தூக்கிக் கட்டுகிறது. கம்பியை அதற்குமேல் உயர்த்தினால் கரும்பு கூடுதலாக இனிக்குமா? இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 18 வோல்ட் கொடுக்கும் கிட்டார்களும் உண்டு. அதிலும் நடப்பது கம்பி இன்னும் உயரே போவது மட்டும்தான். மட்டுமீறி லோடு ஏற்றுகிறவர்களுக்கு அது உபயோகம். அதையும் பிரீ-ஆம்ப் 18 வோல்ட் தாங்குமா என்று பார்க்காமல் செய்தால் தீய்ந்துபோகும். இந்தக் கம்பெனி பேட்டரி போட்டால் அடியொலி உருண்டு வரும், அந்தக் கம்பெனி போட்டால் பளபளக்கும் என்று சொல்லும் அண்ணன்களை நானும் சந்தித்திருக்கிறேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். தீர்ந்துபோகிற பேட்டரிக்கு நிஜமாகவே ரசிகர்கள் இருப்பது ஃபஸ் என்கிற கரகரப்புப் பெட்டி வைத்திருக்கும் கிட்டார்காரர்களிடையே. அவர்களுக்கு வேண்டியதே சீவப்பட்ட கரும்பு.

சிறுவயதில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை நான் உரித்துப் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் அடியும் வாங்கினேன். தகரத்தைப் பிரித்தால் உள்ளே ஆறு தட்டையான அடுக்குகள், இட்லித் தட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். இப்போது வரும் ஆல்கலைன் பேட்டரிகள் பலவற்றில் பென்சில் பேட்டரியைவிட ஒல்லியான ஆறு உருளைகள் இருக்கும். 1950களில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காகப் பிறந்த உருவம் இது. அந்த ரேடியோக்கள் போய்விட்டன, அவற்றுக்கு வைத்த சோறு மட்டும் தங்கிவிட்டது. தலையில் பிரஸ் பட்டன் மாதிரி இரண்டு முனைகள். சின்ன வட்டம் பாசிட்டிவ், பெரிய பூ நெகட்டிவ். பட்டன்போல ஆணும் பெண்ணுமாக வைத்ததால் மாற்றி மாட்ட முடியாது. ஆனால் இருட்டு மேடையில் தடவித் தடவி மாட்டும்போது ஒரு கணம் தலைகீழாகத் தொட்டுவிட்டாலே சில பிரீ-ஆம்புகளின் ஆயுள் முடிந்துவிடும். இந்த வேலையைப் பகலில் செய்யுங்கள்.

இனி அந்த மூன்று வாரக் கணக்கு. நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி சுமார் 550 மில்லி ஆம்பியர்-மணி கொடுக்கும். பேஸ் கிட்டாரின் பிரீ-ஆம்ப் மிகக் கொஞ்சமாகத் தின்கிற பிராணி. ஒரு மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 550 மணி நேரம் ஓட வேண்டும். நான்கு மணி நேரக் கச்சேரி என்றால் நூற்று முப்பதுக்குமேல். எவ்வளவு பெரிய குழுவுக்கும் ஆடியில் அத்தனை கச்சேரி கிடையாது. பேட்டரி போலியா?

550ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 23 நாள் வரும். மூன்று வாரம்! அந்த கிட்டார் தூங்கவே இல்லை என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதில்தான் இருக்கிறது. ஆக்டிவ் கிட்டாரைத் தலைகீழாகப் புரட்டினாலும் அதில் மின்சாரத்துக்கு ஒரு சுவிட்சைக் கண்டுபிடிக்க முடியாது. வால்யூம் இருக்கும், தொனித் திருகுகள் இருக்கும், அணைக்கிற பொத்தான் மட்டும் இருக்காது. ஒயரின் நுனியில் நாம் செருகுகிற ஜாக் பின்தான் சுவிட்ச்.

எப்படி என்று பார்க்க, வீட்டில் உள்ள ஹெட்போன் பின்னை எடுங்கள். உலோகத்தின் குறுக்கே இரண்டு கறுப்பு வளையங்கள் தெரியும் (மைக்கும் சேர்ந்ததென்றால் மூன்று). இரண்டு வளையம் என்றால் உலோகம் மூன்று துண்டு: நுனி, நடு, உடல். அது ஸ்டீரியோ. கிட்டார் ஒயரின் தடித்த பின்னில், கடைக்காரர்கள் பி-38 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அதில் ஒரே ஒரு கறுப்பு வளையம்தான். நுனி, பிறகு நீளமான உடல், அவ்வளவுதான். இது மோனோ.

கிட்டாரிலிருந்து ஒரே ஒரு ஒலிதான் வெளியே போக வேண்டும். மோனோ சாக்கெட்டே போதும். ஆனால் ஆக்டிவ் கிட்டாரில் ஸ்டீரியோ சாக்கெட்டை வைத்திருக்கிறார்கள். அதன் நுனித் தொடுப்பில் ஒலி. உடல் தொடுப்பில் பூமி. மிச்சமிருக்கும் நடுத் தொடுப்பில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைப் பற்றவைத்து அந்தரத்தில் விட்டிருக்கிறார்கள். வாசலில் ஆள் இல்லாதவரை அந்த ஒயர் எதையும் தொடாது, பேட்டரி தூங்கும். மோனோ பின்னைச் செருகியதும் அதன் நீள உடல் நடுத் தொடுப்பையும் உடல் தொடுப்பையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடுகிறது. அந்தரத்தில் நின்ற நெகட்டிவ் பூமியைச் சேர்கிறது. கிட்டார் விழித்துக்கொள்கிறது. ஒரு பைசா செலவில்லை, கூடுதலாக ஒரு உறுப்பு இல்லை. பின் எதற்காக வந்ததோ அந்த வேலையைச் செய்துகொண்டே, தனக்குத் தெரியாமல் இன்னொரு வேலையையும் முடித்துக்கொடுக்கிறது. விசேஷ வீட்டுக்கு வருகிற மாமா வெற்றிலைத் தட்டையும் கையோடு தூக்கி வருவதைப் போல.

உசத்தி என்று நினைத்து யாராவது ஸ்டீரியோ பின் வைத்த ஒயரைச் செருகினால் பெரும்பாலும் கிட்டார் வாயைத் திறக்காது. நடுத்துண்டு தனியாக நிற்பதால் நெகட்டிவுக்குப் பாலம் கிடைப்பதில்லை. அதைச் சர்வீஸுக்கு எடுத்துப்போய்க் காசு கொடுத்தவர்களும் உண்டு.

இந்த அழகான தந்திரத்துக்கு ஒரு தண்டனையும் உண்டு. பின் உள்ளே இருக்கும்வரை பேட்டரி தேய்ந்துகொண்டே இருக்கும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் தேயும். ஆம்பை அணைத்தாலும் தேயும். ஒயரின் மறுமுனை எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தாலும் தேயும். பட்டப்பகலில் எரிகிற தெருவிளக்குகளை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் யார் கண்ணுக்கும் தெரியாது, மீட்டர் மட்டும் ஓடும்.

கடிதத்தில் இன்னொரு வரி இருந்ததே, சொந்த ஒயர் வாங்கினார் என்று! அதுவரை ஒயர் சர்வீஸ்காரருடையது. கச்சேரி முடிந்ததும் அவர் ஆட்கள் பிடுங்கிச் சுருட்டி வேனில் போட்டுவிடுவார்கள். கிட்டார் தானாகத் தூங்கிவிடும். அந்தப் பழைய பேட்டரி அவ்வளவு காலம் ஓடியதற்கு அந்தப் பையன்கள்தான் காரணம். சொந்த ஒயர் வந்த பிறகு? தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். புது ஒயர் மடங்கக்கூடாது என்று பிடுங்காமலே கிட்டாரைச் சுவரில் சாத்திவைக்கிறாராம். நோய் தீர்க்க வாங்கிய மருந்தே அடுத்த நோய்க்கு வித்து.

கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி, ஒன்று சொல்கிறேன். ரிஷிவந்தியத்தில் அம்மன் கோயில் வாசலில் நான் பார்த்த பறைக் கலைஞர்கள் முதலில் அடிக்க மாட்டார்கள். வைக்கோலைக் கொளுத்தி, தோலை நெருப்பில் காட்டிக் காட்டி, விரலால் தட்டி, மறுபடி காட்டி, தோல் விறைத்து ஒலி எழும்பிய பிறகுதான் தோளில் மாட்டுவார்கள். மிருதங்க வித்வான் இடப்பக்கத் தொப்பியில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார். அந்த ரவை இல்லையென்றால் மிருதங்கத்துக்கு அடியொலியே கிடையாது. கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார், காய்ந்தால் தோல் கெடும் என்று. அன்றைக்குப் போட்டு அன்றைக்கே எடுக்கிற ரவைக்கு ஈடாக உங்களிடம் இருப்பது மாதக்கணக்கில் ஓடும் பேட்டரி. ரவையைச் சுரண்டுவதற்கு ஈடு, பின்னைப் பிடுங்குவது. இரண்டு விநாடி வேலை. மின்சாரம் வந்ததும் கருவி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று எப்படியோ நாம் நம்பிவிட்டோம். கீபோர்டு மேடையிலேயே பனியில் கிடக்கிறது, டிரம் பேட் மழையில் நனைகிறது, அதையெல்லாம் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வைக்கோல் தேடி ஓடிய பெரியவர்களுக்கு அந்த நம்பிக்கை இருந்ததில்லை.

செய்ய வேண்டியவற்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 9 வோல்ட் என்று எழுதியிருக்கும் பழைய ரக நிக்கல் ரீசார்ஜ் பேட்டரிகளில் பலவற்றில் இருப்பது 8.4 வோல்ட், சிலவற்றில் 7.2தான். வாங்கும்போதே கம்பி தொங்கிக்கொண்டிருக்கிறது. லித்தியம் ரகம் சிலவற்றில் உள்ளே இருக்கும் மின்மாற்றுச் சுற்று மெல்லிய ஊசிச் சத்தத்தை ஒலியில் கலந்துவிடும். சாதாரண ஆல்கலைன் போதும். கார்ட்லெஸ் மைக்கில் போட்டுக் கழித்த பேட்டரியைக் கிட்டாருக்குள் தள்ளும் பழக்கம் எல்லாக் குழுக்களிலும் உண்டு. கிட்டார் அதில் ஓடும் என்பது உண்மை. தாழ்ந்த கம்பியின் கீழ் ஓடும் என்பதும் உண்மை. வருஷம் முழுக்கப் பெட்டியில் கிடக்கப்போகிறதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒழுகினால் வெள்ளைப் பொடி பூத்துச் செம்பு ஒயரையெல்லாம் தின்றுவிடும்.

பேட்டரியை நாக்கில் வைத்துச் சோதிக்கும் வழக்கம் எனக்கும் இருந்தது. சுர்ரென்றால் உயிர் இருக்கிறது. எத்தனை வோல்ட் என்று நாக்கு சொல்லாது. மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதிது ஒன்பதரை காட்டும். ஏழரை எட்டுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். ஆனால் பேட்டரியைக் கழற்றி, ஓய்வாக மேசைமேல் வைத்து அளக்காதீர்கள். ஓய்வெடுத்த பேட்டரி பொய் சொல்லும். சிறுவயதில் ரேடியோவின் பேட்டரி கட்டைகளைத் திண்ணை வெயிலில் காயவைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒரு நாடகம் கேட்கும் அளவுக்குப் பாடுமே, அதே மயக்கம்தான். வெயிலும் ஓய்வும் கொஞ்ச நேரத்துக்கு ரசாயனத்தைத் தட்டி எழுப்பும். சுமை ஏறியதும் மறுபடி படுத்துவிடும். பின்னைச் செருகி, கிட்டார் விழித்திருக்கும்போது அளந்தால்தான் மெய்.

கழித்த பேட்டரியைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிறார்களே, அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, இந்தச் சின்ன பேட்டரிகளையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. நம் பெட்டிக்கடை வரைக்கும் அந்தச் செய்தி இன்னும் நடந்து வரவில்லை. அதுவரை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவையுங்கள், முனைகளில் டேப் ஒட்டி.

கிட்டாரிலிருந்து கழற்றிய ஏழரை வோல்ட் பேட்டரியை எதற்காவது பயன்படுத்தலாமா என்று யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். மல்டிமீட்டருக்குள்ளும் அதே 9 வோல்ட் பேட்டரிதான் என்பதால் அதில் போட்டு மூடிவிட்டேன். இளைத்த பேட்டரியில் ஓடும் மீட்டர்களுக்கு உள்ளளவுகோல் சுருங்கிப்போகும். அளப்பதையெல்லாம் கூட்டிக் காட்டத் தொடங்கும். மூன்று மாதம் என் வீட்டில் செத்த பேட்டரி ஒன்றுகூட இல்லை. சுவர்க் கடிகாரம் நின்றது, ரிமோட் நின்றது, டார்ச் நின்றது. எல்லாவற்றையும் அளந்து பார்த்து, புதுசுதான் என்று மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.